ஒன்பது மாதம் பொறுங்கள்

ஊவாத் தோட்டங்களின் விளையாட்டுக் கழகத் தலைவர்களுக்கும், தோட்டப் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும்,



பொங்கலுக்கு ஒரு கிண்ணம், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, கோயில் திருவிழா முடிந்த கையோடு இன்னொன்று என்று வருடம் முழுவதும் நம் தோட்டங்களில் ஆட்டம் நடக்கிறது. மொனராகலை இறப்பர் தோட்டங்களில் தொடங்கி பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை வரைக்கும் சனி ஞாயிறு என்றால் உதைபந்தும் கரப்பந்தும் எல்லேயும்தான். மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும், பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது, பஸ்ஸுக்குக் காசு சேர்ப்பது, யாரை இறக்குவது யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிப்பது எல்லாம் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலை டொக்டர்மாருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முழங்காலில் பிணைநார் அறுந்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. ஏ.சி.எல். என்று கிரிக்கெட் வர்ணனையில் கேட்டிருப்பீர்கள். லயத்தில் "முட்டி நரம்பு அறுந்துருச்சி" என்பார்கள். சத்திரசிகிச்சை செய்தால் சரியாகுமா, பழையபடி ஆடலாமா, மலைக்கு வேலைக்குப் போகலாமா என்று அந்தக் குடும்பங்கள் கேட்கின்றன. பதிலில் ஒரு பங்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பெரிய பங்கு உங்கள் மைதானத்தில் இருக்கிறது.

எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் நீங்கள். பந்தைத் துரத்திப் போகிற பையன் ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்புகிறான். அல்லது வலைக்கு மேலே எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குகிறான். யாரும் மோதியிருக்க மாட்டார்கள். இந்தக் காயங்களில் பத்துக்கு ஏழு, எதிராளி தொடாமலே நடப்பவை. முட்டிக்குள் 'டப்'பென்று ஏதோ தெறித்தது என்பான். சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கிவிடும். அந்த வீக்கத்துக்குள் இருப்பது பெரும்பாலும் இரத்தம்.

பிறகு நடப்பதும் தெரிந்ததுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் வலிக்குக் குளிசை. "சுளுக்குத்தான்" என்று ஒரு முடிவு. வெதமாத்தயாவிடம் எண்ணெய்க் கட்டு. மூன்று கிழமையில் வீக்கம் வற்றுகிறது, ஒரு மாதத்தில் நொண்டாமல் நடக்கிறான், ஆறாம் கிழமை மைதானத்தில் நிற்கிறான். நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது முட்டி நழுவுகிறது. மறுபடி வீக்கம், மறுபடி எண்ணெய், மறுபடி ஆட்டம். இப்படியே ஒன்றிரண்டு வருடம் போய்விடுகிறது.

முறிந்த எலும்பை வைத்துக் கட்டுவதில் நம் நாட்டு வைத்தியர்களுக்குத் தலைமுறை தலைமுறையான கைத்திறன் உண்டு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த நார் மூட்டின் நடுவுக்குள் இருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கிற இரண்டு நார்களில் முன்னால் இருப்பது. நீளம் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். கீழ்க்கால் முன்னுக்கு நழுவாமலும் திருகாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. மேலே எவ்வளவு எண்ணெய் போட்டு உருவினாலும் அது இந்த நாரைப் போய்ச் சேராது. இரத்தம் கட்டியிருக்கிற முட்டியை முதல் கிழமையில் உருவினால் வீக்கம்தான் கூடும். நார் இல்லாத முட்டி நழுவும் ஒவ்வொரு முறையும், எலும்புகளுக்கு இடையில் மெத்தையாக இருக்கிற பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்குகிறது, கிழிகிறது. நார் போனதை விட அது போவதுதான் பின்னாளில் பெரிய நட்டம்.

எம்.ஆர்.ஐ. எடுக்க நாள் கிடைக்கவில்லை என்று சும்மா இருந்துவிடுகிறவர்கள் பலர். இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது பழகிய ஒரு கை. படுக்க வைத்து, முட்டியைச் சற்று மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை மற்றக் கையால் முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். 1976இல் எழுத்தில் வந்த லக்மன் சோதனை அது. அறுந்த நூறு முட்டிகளில் எண்பத்தைந்து வரையில் அந்தச் சோதனையே காட்டிக் கொடுத்துவிடும். வீக்கம் வற்றிய பிறகு பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ பதுளை போதனா வைத்தியசாலைக்கோ போய் எலும்பு டொக்டரின் கிளினிக்கில் காட்டுங்கள் என்று நீங்கள் சொன்னால் பையன் போவான். தாய் தகப்பன் சொன்னால் போகாதவனும் கப்டன் சொன்னால் போவான்.

இனி, ஒபரேஷன் வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். 2010இல் சுவீடனில் ஓர் ஆய்வு முடிவு வெளிவந்தது. நார் புதிதாக அறுந்த, சுறுசுறுப்பாக ஆடி ஓடக்கூடிய 121 இளைஞர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும். மற்றக் கூட்டத்துக்குப் பயிற்சி மட்டும். முட்டி தொடர்ந்து தொல்லை தந்தால் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு வருடம் கழித்து வலி, ஆட்டம், வாழ்க்கைத் தரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் புள்ளி போட்டுப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுபோலவே இருந்தன. ஐந்து வருடம் ஆனபோது, பயிற்சி மட்டும் என்று தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கத்தியே தேவைப்பட்டிருக்கவில்லை. அவர்களில் சிலருக்கு அறுந்த நார் தானாகவே ஒட்டியிருந்தது என்பதும் பிற்பாடு எம்.ஆர்.ஐ. படங்களில் தெரிந்தது.

இதைக் கேட்டவுடன் "பார்த்தீங்களா, ஒபரேஷன் தேவையில்லையாம்" என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். சுவீடனில் 'பயிற்சி மட்டும்' என்பதற்கு, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் தொடைத் தசையைக் கட்டியெழுப்பியது என்று பொருள். நம் லயங்களில் 'ஒபரேஷன் இல்லை' என்றால் ஒன்றுமே இல்லை. கட்டு இல்லை, பயிற்சி இல்லை, மறு கிளினிக் இல்லை. அவர்கள் இரண்டு வைத்தியங்களை ஒப்பிட்டார்கள். நாம் வைத்தியத்துக்கும் கைவிடுதலுக்கும் நடுவில் நிற்கிறோம்.

இங்கிலாந்தில் இருந்து 2022இல் வந்த இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் சேர்க்கப்பட்ட 316 பேரும் நார் அறுந்து நாளாகி, முட்டி நழுவுகிற தொல்லையோடு வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற நிலை அதுதான். பதினெட்டு மாதம் கழித்து நூற்றுக்குப் போட்ட புள்ளியில், சத்திரசிகிச்சைக்கென்று பிரிக்கப்பட்டவர்கள் 73, பயிற்சிக்கென்று பிரிக்கப்பட்டவர்கள் 65க்குச் சற்றுக் குறைவு. பயிற்சிக் கூட்டத்திலும் பத்துக்கு நாலு பேர் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் முடிவு இதுதான். நார் அறுந்து இப்போதுதான் சில கிழமை ஆகிறது, முட்டி நழுவவில்லை என்றால் மூன்று மாதம் முறையான பயிற்சி செய்து பார்க்கலாம். ஓடிப்போய் வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முட்டி திரும்பத் திரும்ப நழுவுகிறதென்றால், அதுவும் சரிவிலே கால் வைத்துப் பிழைக்க வேண்டிய ஆளென்றால், சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கொழும்பில் கதிரையில் இருந்து வேலை செய்கிறவருக்கு இடைக்கிடை நழுவுகிற முட்டி ஒரு தொல்லை. பனி ஈரத்தில் இறப்பர் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகிறவருக்கும், கூடையோடு கான் தாண்டுகிற கொழுந்துக்காரிக்கும் அதுவே பிழைப்புக் கேடு.

எந்த முட்டியையும் வீக்கத்தோடு வெட்ட மாட்டார்கள். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீளும் வரை காத்திருப்பார்கள். அதற்கு முன்னால் செய்தால் முட்டி விறைத்துப்போகும் அபாயம் கூடுதல். டொக்டர் நாலு கிழமை கழித்து வரச் சொன்னால் அலைக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். இரண்டு விதமான முட்டி மட்டும் காத்திருக்கக் கூடாது. மடங்கியபடி பூட்டிக்கொண்டு நீளவே மாட்டேன் என்கிற முட்டி ஒன்று. மற்றது மோட்டார் சைக்கிளில் விழுந்தோ, கல்லில் உருண்டோ பல நார்கள் ஒன்றாக அறுந்து மூட்டே விலகிப்போன முட்டி. மூட்டு விலகினால் முட்டிக்குப் பின்னால் போகிற பெரிய இரத்தக் குழாயும் அறுபடலாம். பாதம் குளிர்ந்து வெளிறிப் போயிருந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டத்தைத் திருப்ப வேண்டும், தாண்டினால் காலே போகலாம். அன்றைக்கு எண்ணெய்க் கட்டுக்கு நேரமில்லை, விடியட்டும் என்று காத்திருக்கவும் நேரமில்லை.

ஆட்டக்காரர்களின் வருத்தமாகவே இதைப் பேசிப் பழகிவிட்டோம். இந்த நாரைத் தைத்ததாக எழுத்தில் பதிந்திருக்கிற மிகப் பழைய சத்திரசிகிச்சைகளில் ஒன்று ஒரு தொழிலாளிக்கு நடந்தது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற வைத்தியர், சுரங்கத்தில் மண் சரிந்து முழங்கால் குலைந்துபோன 41 வயதுச் சுரங்கத் தொழிலாளியின் முட்டியைத் திறந்து, அறுந்த இரு குறுக்கு நார்களையும் தைத்தார். ஆறு வருடம் கழித்தும் அந்த மனிதர் வேலை செய்துகொண்டிருந்தார். ஏறக்குறைய நூற்றுமுப்பது வருடத்துக்கு முன்னால் சுரங்கக்காரனுக்குக் கிடைத்த முட்டி இன்றைக்கு நம் தோட்டத்து மனிதருக்கும் கிடைக்க வேண்டும். மலையில் வேலைநேரத்தில் வழுக்கி விழுந்து முட்டி போனால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கே டிஸ்பென்சரியில் பதிந்து, கங்காணியிடமும் சொல்லி வையுங்கள். பதிவு இல்லாமல் ஆறு மாதம் கழித்து "மலையிலதான் விழுந்தேன்" என்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தம்பி இந்த உதவியைச் செய்யலாம்.

இனி நான் எழுத வந்த காரியத்துக்கு வருகிறேன்.

இன்றைக்குச் செய்கிற சத்திரசிகிச்சையில் அறுந்த நாரை எடுத்துவிட்டு, பெரும்பாலும் அதே ஆளின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு உள்ளே கோத்து, திருகாணியாலோ சின்ன உலோகப் பொத்தானாலோ இறுக்குகிறார்கள். சிறு துளைகள் வழியாகக் கமரா விட்டுச் செய்கிற வேலை. சில நாளில் டிக்கட் வெட்டி அனுப்பிவிடுவார்கள். கிருமித் தொற்று நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஒபரேஷன் அளவில் பெரும்பாலும் நன்றாகவே முடிகிற காரியம்.

உள்ளே வைத்த அந்த நாண் வைத்த அன்றைக்கே நாராகிவிடுவதில்லை. அது முதலில் இரத்த ஓட்டமில்லாமல் நலிந்து, பிறகு மெல்ல மெல்லப் புது இரத்தக் குழாய் வளர்ந்து, உயிர் பிடித்து, நாராக மாறுகிறது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் அது மிகவும் பலவீனமாக இருக்கும். அதே இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் பையனுக்கு வலி போயிருக்கும், வீக்கம் போயிருக்கும், நடை திருந்தியிருக்கும். "சேர், கால் சுகமாயிருச்சி" என்று வந்து நிற்பான். ஒட்டுக் கட்டிய இறப்பர் கன்று தளிர்விட்டதென்று யாராவது அடுத்த மாதமே பால் வெட்டப் போவார்களா? அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ரிஷப் பந்தை எல்லாருக்கும் தெரியும். 2022 டிசம்பர் 30ஆம் திகதி கார் விபத்தில் வலது முழங்காலின் நார்கள் அறுந்தன. புத்தாண்டு பிறந்த கையோடு மும்பையில் சத்திரசிகிச்சை. இந்தியக் கிரிக்கெட் சபையின் பணம், தனிப் பயிற்சியாளர்கள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் இருந்தும் அவர் ஐ.பி.எல். மைதானத்துக்குத் திரும்பியது 2024 மார்ச் 23. ஏறக்குறையப் பதினைந்து மாதம். அவர் முட்டியில் பல நார் போனது, நம் பையனுக்குப் பெரும்பாலும் ஒன்று. அந்த வேறுபாட்டை மறக்கவில்லை. ஆனாலும் எல்லா வசதியும் உள்ள ஒருவர் பதினைந்து மாதம் பொறுத்திருக்க, பயிற்சிக் கூடத்தையே பார்த்திராத பையனை நான்காம் மாதம் இறக்குவது எந்த நியாயம்?

நோர்வேயில் திடீர்த் திருப்பம் உள்ள ஆட்டங்களை ஆடிவந்து, சத்திரசிகிச்சை செய்துகொண்ட 106 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து, 2016இல் எழுதினார்கள். ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மறுபடி முட்டியில் அடிபடும் வீதம் பாதியாகக் குறைகிறது. இன்னொரு மாதம் தள்ளினால் அதிலும் பாதி. திரும்புவதற்கு முன்னால் வைத்த பலச் சோதனையில் தேறாமல் ஆடப் போனவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மறுபடி அடிபட்டது; தேறிப் போனவர்களில் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. உலகில் எந்த டொக்டரின் கைத்திறனும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டு வராது. பொறுமை கொண்டு வருகிறது.

25 வயதுக்குக் குறைந்து, ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இரண்டாம் முறை நார் அறுகிறது, அதே காலிலோ மற்றக் காலிலோ. உங்கள் அணியில் அந்த வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? எல்லாம் சரியாகச் செய்தாலும் எல்லாரும் பழைய ஆட்டத்துக்கு வந்துவிடுவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2014இல் வந்தது. நூற்றுக்கு 81 பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பழைய தரத்துக்கு வந்தவர்கள் 65. போட்டி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 55. சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பிள்ளை திரும்ப வராவிட்டால் "பயந்தாங்கொள்ளி" என்று ஏசாதீர்கள். அவனைப் போல ஏராளம் பேர் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

சோதனை என்றால் மெஷின் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பலத்தை அளக்கிற கருவி ஆஸ்பத்திரியில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மைதானத்தில் ஒரு கோடு கீறுங்கள். நல்ல காலில் ஒற்றைக் காலாக எவ்வளவு தூரம் பாய்ந்து, அசையாமல் நிற்க முடிகிறதென்று அளவு நாடாவால் அளக்க வேண்டும். பிறகு ஒபரேஷன் செய்த காலால். பத்தில் ஒன்பது பங்கு தூரமாவது வர வேண்டும். ஒரு பாய்ச்சல், தொடர்ந்து மூன்று பாய்ச்சல், குறுக்கு நெடுக்காக மூன்று பாய்ச்சல், ஆறு மீற்றரை எவ்வளவு நேரத்தில் பாய்ந்து கடக்கிறான் என்று பார்ப்பது, இந்த நான்கும்தான் உலகமெங்கும் வைக்கிற பாய்ச்சல் சோதனை. ஒன்பது மாதமும் ஆகியிருக்க வேண்டும், இதிலும் தேற வேண்டும், டொக்டரோ பிசியோதெரபிஸ்டோ சம்மதமும் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பையன் பெஞ்சில்தான் இருக்க வேண்டும்.

அந்த ஒன்பது மாதம் சும்மா இருக்கிற காலமும் இல்லை. முதல் கிழமையிலிருந்தே காலை முழுதாக நீட்டுவது, தொடைத் தசையை இறுக்குவது. பிறகு கதிரையில் இருந்து எழும்புவது, லயத்துப் படியில் ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, அரிசிப் பைக்குள் மண் போட்டுக் கட்டித் தூக்குவது. எதை எந்த மாதம் தொடங்குவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். அவரிடம் ஒழுங்காகப் போக வேண்டும். அங்கேதான் நம் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், பஸ் இலவசமில்லை. பசறை வழியாக மலையேறிப் பதுளைக்கு ஒரு தரம் போய்வந்தால் அன்றைய பேர் போய்விடும். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்த பிறகும், ஒரு நாள் பேர் விழாமல் போவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய அடி என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதுபோக, நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போவது இந்த மாதிரிச் சத்திரசிகிச்சைகள்தான். 2022 மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அப்படித் தள்ளிப்போகும் மாதங்களிலும் தொடைத் தசையைத் தேயவிடக் கூடாது. பலமான தொடையோடு மேசையில் ஏறுகிறவன் பலமாகவே எழும்புவான்.

ஆகவே கழகங்களிடம் ஒரு காசு விடயம் கேட்கிறேன். ஒவ்வொரு போட்டிக்கும் அணிகளிடம் நுழைவுக் காசு வாங்குகிறீர்கள். கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை முட்டி உடைந்த பிள்ளைகளின் பஸ் காசுக்கு ஒதுக்குங்கள். உங்கள் மைதானத்தில், உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடித்தான் அவர்களுக்கு அடிபட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். யாரையும் பயமுறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுப்பதற்காகச் சொல்லவில்லை, காவலுக்குச் சொல்கிறேன். சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த பிரியா என்ற 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, ராணி மேரிக் கல்லூரி மாணவி, 2022 நவம்பரில் அரசு மருத்துவமனை ஒன்றில் முழங்கால் நாருக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு காலில் இறுக்கிக் கட்டிய கட்டு இரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டது. வேறு மருத்துவமனைக்கு மாற்றி, காலை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15ஆம் திகதி அந்தப் பிள்ளை இறந்துபோனது. தமிழ்நாட்டு அரசு மருத்துவர் இருவரைப் பணியிடை நீக்கம் செய்தது. இவ்வளவு பெரிய கேடு மிக மிக அரிது. ஆனால் அதைத் தடுக்கிற கண் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவருடைய கண்ணாகவும் இருக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து வார்ட்டுக்கு வந்த பிள்ளையின் கால் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தால், நீலம் பூத்தால், விறைத்தால், அசைக்க முடியாவிட்டால், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், கட்டு இறுகுகிறது என்று பிள்ளை சொன்னால், உடனே தாதியைக் கூப்பிட வேண்டும். ஒரு தரம் சொல்லிக் கேட்கவில்லை என்றால் இன்னொரு தரம் சொல்ல வேண்டும், டொக்டர் வரும்வரை சொல்ல வேண்டும். நம் அம்மாமார் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்குவார்கள். கழகத்திலிருந்து ஒருவர் கூடப் போய் நில்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், காய்ச்சல் வந்தாலும், காயத்தில் நீர் கசிந்தாலும் அன்றைக்கே திரும்பப் போக வேண்டும்.

பெண் பிள்ளைகளை ஆடவிடுகிற ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரே ஆட்டத்தை ஆடினாலும் ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த நார் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக அறுகிறது. வலைப்பந்திலும் உதைபந்திலும் அவர்கள் பாய்ந்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சரிவதைக் கவனித்துப் பாருங்கள். அதைத் திருத்த முடியும். பீபா 11 பிளஸ் என்று ஒரு தயார்ப்படுத்தல் பயிற்சி இருக்கிறது: இருபது நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று தரம், பந்தைத் தவிர வேறு சாமான் வேண்டாம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெண் பிள்ளைகளிடம் இந்தப் பயிற்சியைச் சோதித்து 2008இல் முடிவை எழுதினார்கள். செய்த கழகங்களில் காயங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தன, கடுமையான காயங்கள் அதைவிடவும் குறைந்தன. முட்டி பாதத்துக்கு நேராக இருக்க, இரண்டு காலிலும் மடங்கி மெதுவாக இறங்கப் பழக்குவதுதான் அதன் உயிர். மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்ட் ஓடவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிற பழக்கத்தை விட்டுவிட்டு இதைத் தொடங்குங்கள்.

சத்திரசிகிச்சை முட்டியை இறுக்கும், நழுவலை நிறுத்தும். பின்னாளில் மூட்டுத் தேய்வு வராது என்று மட்டும் எந்த டொக்டரும் உறுதி தர முடியாது. சுவீடனில், நார் அறுந்து பன்னிரண்டு வருடம் ஆன பெண் உதைபந்தாட்டக்காரர்களுக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 31. பாதிப்பேரின் முட்டியில் தேய்வு தெரிந்தது, சத்திரசிகிச்சை செய்தவர், செய்யாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல். கொழுந்துக்காரியாகவோ பால்வெட்டுக்காரராகவோ இன்னும் இருபத்தைந்து வருடம் மலையில் நிற்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு, அறுந்த நாரைத் தைப்பதைக் காட்டிலும் அறுகாமல் காப்பது பல மடங்கு பெறுமதியானது.

உங்கள் அடுத்த போட்டியின் விதித் தாளில் ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: முழங்கால் பிணைநாருக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எந்த ஆட்டக்காரரும் ஒன்பது மாதம் முடியாமலும், வைத்தியரோ பிசியோதெரபிஸ்டோ தந்த கடிதம் இல்லாமலும் ஆட அனுமதிக்கப்பட மாட்டார். ஒரு கழகம் மட்டும் சேர்த்தால் மற்றக் கழகம் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். எல்லாரும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
மொனராகலை.